சாயந்தின்னி

வேலம்பதிப் பெருமாள் கோயில் குடமுழுக்குக்கு நொய்யல் தண்ணீரையே எடுக்கலாம் என்று வாய் திறந்து சொன்னவள் தெய்வானைதான். வேறு யார் தலையிலும் அதைக் கட்டிவிட முடியாது.

ஐம்பது வருடமாக அந்த ஆற்றில் ஓடியதைத் தண்ணீர் என்று சொன்னதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். மேற்கே பனியன் துணிக்கு என்ன சாயம் போட்டார்களோ அதே நிறத்தில் மறுநாள் வேலம்பதியில் ஆறு வரும். ஒரு நாள் ஊதா, ஒரு நாள் கிளிப்பச்சை, தீபாவளி நெருங்கினால் நல்ல சிவப்பு. ஆற்றங்கரையிலேயே குடியிருக்கும் பெருமாளுக்குத் திருமஞ்சனத் தண்ணீர் லாரியில் வந்தது. அவரும் ஒன்றும் சொல்லாமல் குளித்துக்கொண்டிருந்தார்.

தெய்வானையின் கணவன் தங்கமுத்து கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களோடு குடித்தனம் நடத்துகிறவன். சாயத்தைச் சோறாகத் தின்று உயிர்வாழும் ஒரு பாக்டீரியாவை அவன் உருவாக்கினான். அதற்கு அவன் வைத்த பெயர் வாயில் நுழையாது. சனங்கள் சாயந்தின்னி என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்தது. வேலம்பதிக்குக் கீழே இருக்கும் அணையில் ஆள் உயரத்துக்குச் சாயச் சேறு கிடந்தது. அதிலும் ஆற்றிலும் சாயந்தின்னியை விட்டார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் ஆற்றின் அடியில் கிடந்த கூழாங்கல் கண்ணுக்குத் தெரிந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் முன்னால் தங்கமுத்து ஒரு டம்ளர் மொண்டு குடித்துக் காட்டினான். ஊர் கைதட்டியது, சில கிழவர்கள் அழுதார்கள்.

கோயில் கமிட்டித் தலைவர் குழந்தைவேல் அப்போதுதான் தெய்வானையிடம் கேட்டார்.

"ஏனுங்க, லாரித் தண்ணிய உட்டுப்போட்டு நம்ம ஆத்துலயே தீர்த்தம் எடுத்துக்கலாமுங்களா? நீங்க படிச்சவங்க, சொல்லோணும்."

அவள் படித்தது நிறங்களின் வேதியியல். பழைய ஓவியங்களில் எந்த நிறத்தை எதிலிருந்து எடுத்தார்கள் என்று கண்டுபிடித்து, அவை கெடாமல் காப்பது அவளுடைய உத்தியோகம். வேலம்பதிக் கோயில் மண்டபத்து விதானத்தில் நாயக்கர் காலத்து ஓவியம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் சாரம் கட்டி, மல்லாந்து படுத்து, கழுத்து வலியோடு அவள் பல வருடங்களைக் கழித்திருந்தாள். ஆகவே யோசித்திருக்க வேண்டியவள் அவள்தான். ஆனால் சந்தோஷம் வந்தால் யாருக்கு யோசனை வருகிறது? "தாராளமா எடுங்க" என்றாள். அவளே ஒரு குடம் சுமந்தாள்.

கலசத்துக்கு ஊற்றி முடிந்ததும், இப்போதெல்லாம் செய்கிற மாதிரி, மண்டபத்தின் கூரைமேல் மோட்டாரை ஏற்றிக் குழாய் வைத்துக் கூட்டத்தின் மேல் தீர்த்தத்தைப் பீய்ச்சி அடித்தார்கள். பெண்கள் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டார்கள். கட்சிக்காரர்களின் கொடிகள் நனைந்தன. கூரையில் முழங்காலுக்குத் தண்ணீர் தேங்கியது, அது வடிய வழியில்லாமல் ஒரு வாரம் நின்றது. பக்தியோடு செய்த காரியம் என்பதால் ஒருவரும் குறை சொல்லவில்லை.

முதலில் வெளுத்தது தெய்வானையின் அரக்குப் பட்டுப் புடவை. பெட்டியிலிருந்து எடுத்தபோது நனைந்த இடமெல்லாம் கோடித்துணி மாதிரி வெள்ளையாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்த் தங்கமுத்துவின் மடியில் போட்டாள்.

"ஏனுங்க, இது ஆத்துல மட்டுந்தான் இருக்கும்னு சொன்னீங்களே."

அவன் புடவையை விரல்களால் தேய்த்துப் பார்த்தான். "சாயம் இருக்கற எடத்துல இருக்கும். சாயம் தீந்தா செத்துப்போகும். அப்படித்தான் பண்ணியிருக்கேன்."

"சாயம் எங்கதான் இல்ல? நான் கட்டியிருக்கறது, நீங்க போட்டிருக்கறது, இந்தத் திரைச்சீலை."

"ஈரம் வேணும் தெய்வா. காஞ்ச துணியில அதால ஒண்ணும் பண்ண முடியாது."

"நம்ம ஊர்ல வேர்வை இல்லாத துணி எது?"

அவன் தன் சட்டைக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். கெட்டிக்காரர்கள் தவறு செய்யும்போது இப்படித்தான், பெரிய கணக்கெல்லாம் சரியாக வரும், வேர்வை மட்டும் விட்டுப்போகும்.

அந்தக் கோடையில் மாவட்டமே வெளுத்தது. சீருடைகள் வெளுத்தன, கொடிகள் வெளுத்தன, எது எந்தக் கட்சியின் கம்பம் என்று கம்பத்தின் அடியில் எழுதியிருந்ததைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதைக்கூடச் சனங்கள் சிரித்துக்கொண்டு பொறுத்திருப்பார்கள். பொறுக்க முடியாமல் போனது வேறு. மஞ்சளும் குங்குமமும் சாயந்தான். தாலிக் கயிற்றில் மஞ்சள் பூசினால் பொழுது சாய்வதற்குள் அது வெறும் நூலாகிவிட்டது. நெற்றியில் வைத்த பொட்டு வேர்வையோடு காணாமல் போனது. பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் வயதானவள், புதுப்பெண் என்ற பேதமில்லாமல் எல்லாரும் வெள்ளைச் சேலையில் நின்றார்கள். அந்தப் பக்கத்தில் வெள்ளைச் சேலைக்கு ஒரே அர்த்தந்தான் உண்டு. கல்யாண மண்டபங்களில் மணப்பெண்கள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதார்கள்.

திருப்பூர்ச் சரக்கு என்றால் வெளிநாட்டுத் துறைமுகங்களில் இறக்காமலே எரித்தார்கள். அருங்காட்சியகங்கள் இந்தப் பக்கத்து ஆட்களை வாசலோடு நிறுத்தின. சாயப்பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. குழந்தைவேலின் பட்டறையும் மூடியது. அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் அவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தன. அவர் அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மனுஷரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருடைய பட்டறைத் தண்ணீரும் அத்தனை வருடம் ஆற்றில்தான் விழுந்தது, அவ்வளவுதான்.

மண்டபத்து விதானத்தில் நிறம் போக ஆரம்பித்ததை முதலில் பார்த்தவள் நாச்சாள். அவள் கோயில் கூட்டுகிறவள், வீடு அணைக்குக் கீழே. பயிர்நிலமெல்லாம் சாயத் தண்ணீரில் உப்புப் பூத்துப்போன பிறகு அந்தக் குடும்பம் கூலிக்கு வந்தது. நாச்சாளுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே தங்கவில்லை. இரண்டாவது பிறந்து, பால் குடிக்கத் தெரியாமல் போய்ச் சேர்ந்தது. கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், வேறு தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆறு தெளிந்த பிறகு கிணறும் தெளிந்தது. இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

"ஏனுங்க்கா, ராமரு இப்படி வெளுத்துட்டாரு?" என்றாள், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி.

விதானத்தில் குகன் ஓடம் வலிக்கிறான். நடுவில் ராமன், பக்கத்தில் சீதை, பின்னால் இலக்குவன். ஓடத்தைச் சுற்றி அலை அலையாகக் கங்கை, அதில் மீன்கள், ஒரு முதலை. அன்றைக்குத் தெய்வானை சாரத்தில் ஏறிப் பார்த்தபோது கங்கையில் பாதி இல்லை. ஓடத்தின் முன்பாதி வெறும் சுண்ணாம்பின் மேல் நின்றது. ராமனுடைய தோளில் இருந்த நீலம் கரைந்து கை வரைக்கும் போயிருந்தது. கூரையில் ஒரு வாரம் நின்ற தண்ணீர் நினைவுக்கு வந்தது, தான் சுமந்த குடமும் நினைவுக்கு வந்தது. சாரத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, எறங்கி வாங்க. மோர் தர்றேன்."

இறங்கி வந்து மோரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"அந்த ஓடக்காரருக்கு மட்டும் ஒண்ணும் ஆகலியே," என்றாள் நாச்சாள்.

"அவருக்குப் பூசுனது விளக்குக் கரி. கோட்டுக்குக் காவி மண்ணு. இதுங்களைச் சாயந்தின்னி தொடாது. நீலம் அப்படியில்ல நாச்சா. அது அவுரி இலையைப் புளிக்கவெச்சு எடுத்தது. எலையில இருந்து வந்ததுனால அதுக்கு நல்ல தீனி."

"எதுக்கு எலையில எடுத்தாங்க? மண்ணுலயே எடுத்திருக்கலாமில்ல?"

"மண்ணுல நீலம் கெடைக்காதே. மனுசன் மொதமொதல்ல குகையில மானும் மாடும் வரைஞ்சப்போ அவன் கையில இருந்தது செம்மண்ணு, கரி, சுண்ணாம்பு, அவ்வளவுதான். நீலத்துக்கு ஆயிரக்கணக்கான வருசம் அலைஞ்சான். ஆப்கானிஸ்தான் மலையில ஒரு கல்லு உண்டு, தங்கத்தைவிட வெலை. ஐரோப்பாவுல அந்தக் கல்லை அரைச்சு ஏசுநாதரோட அம்மாவுக்கு அங்கி போட்டாங்க. நம்மாளுங்க அவுரியக் காய்ச்சிப் பெருமாளுக்குப் பூசுனாங்க. அதே அவுரியத்தான் பின்னாடி கப்பல் கப்பலா ஏத்தி அனுப்புனாங்க, அதுக்காக அடிபட்டுச் செத்தவங்க எத்தனையோ பேரு. எந்த நெறம் கெடைக்கறது கஷ்டமோ அதைச் சாமிக்கும் ராசாவுக்கும் குடுத்துட்டு, ஓடக்காரனுக்குக் கரி போதும்னு விட்டுட்டாங்க."

நாச்சாள் யோசித்தாள். "அப்ப சாமி போயிருவாரு, ஓடக்காரரு இருப்பாரா?"

"அப்படித்தான் ஆகப்போகுது."

"அது நல்லதுக்கில்லீங்க்கா," என்றாள் நாச்சாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினாள்.

தங்கமுத்துவின் ஆய்வுக்கூடத்தில் சாயந்தின்னியைக் கொல்லும் வைரஸ் ஒன்றும் இருந்தது. எதைப் படைத்தாலும் அதற்கு எமனையும் கூடவே படைத்து வைப்பது அவர்கள் தொழில் ஒழுக்கம். அதை ஆற்றில் விட்டால் சாயந்தின்னி அடியோடு அழியும். ஆனால் அந்த வைரஸ் அந்த மண்ணை விட்டுப் பிறகு போகாது. அப்புறம் சாயந்தின்னியை இன்னொரு முறை அங்கே வாழவைக்க முடியாது. அணைச் சேற்றில் மிச்சமிருக்கும் சாயம் பழையபடி கிணறுகளில் இறங்கும். பட்டறைகள் திறக்கும். பட்டறைகளைத் திறக்காமல் இருக்கலாமே என்று கேட்க அந்த மாவட்டத்தில் ஆள் இல்லை, கேட்டாலும் அத்தனை குடும்பத்துக்குச் சோறு போட ஆள் இல்லை.

அரசு ஒரு குழுவை நியமித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி மங்களேஸ்வரி அதன் தலைவர். தொழில் நஷ்டத்துக்காக ஆற்றைத் திரும்பக் கெடுக்க நீதிமன்றம் ஏற்கெனவே தடை போட்டிருந்தது. மஞ்சள் குங்குமத்தைச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. திரும்ப உண்டாக்கவே முடியாத தொல்பொருள் அழிகிறது என்று நிரூபித்தால் மட்டும் வைரஸை விடலாம் என்று ஒரு விதி இருந்தது. அந்த மாவட்டத்தில் அப்படிப்பட்டது வேலம்பதி விதானம் ஒன்றுதான். அதைப் பற்றிச் சொல்லத் தகுதியுள்ளவள் தெய்வானை ஒருத்திதான்.

விசாரணைக்கு முந்தைய நாள் குழந்தைவேல் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவர் எப்போதும் வெள்ளைதான், ஆனால் இப்போது அதைப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

"பொய் சொல்லச் சொல்லலீங்க. நடந்தது நடந்தபடி சொல்லுங்க, அது போதும். முந்நூறு நானூறு வருசத்துப் படமுங்க. என்ற பாட்டன் காலத்துல விளக்குப் புடிச்சுக் காட்டுவாங்களாம். என்ற பேத்திக்கு நான் எதைக் காட்டறது?"

"நாச்சாளுக்கு ஏழாம் மாசமுங்க," என்றாள் தெய்வானை.

"தெரியும். அவ புருசன் என்ற பட்டறையில இருந்தவந்தான். அவனுக்கும் வேலை வேணுமில்லீங்களா?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவளால் தட்ட முடியவில்லை. ராத்திரி தங்கமுத்துவிடம் எதுவும் பேசவில்லை. அவனும் கேட்கவில்லை. அவன் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த ஓர் உயிரின் தலையெழுத்து மனைவியின் வாயில் இருந்தது, கேட்க அவனுக்குப் பயம்.

விசாரணை ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஒரு பக்கம் பட்டறைத் தொழிலாளர்கள், இன்னொரு பக்கம் அணைக்குக் கீழே இருக்கும் ஊர்க்காரர்கள். எல்லாருடைய துணியும் வெள்ளை, யார் எந்தப் பக்கம் என்று உட்கார்ந்திருந்த இடத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். கடைசி வரிசையில் நாச்சாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, கேள்வி ஒண்ணுதான்," என்றார் நீதிபதி. "விதானத்துல போன நிறத்தைச் சாயந்தின்னிதான் தின்னுச்சா?"

அவுரிதான் என்று அவளுக்குத் தெரியும். பத்து இடத்தில் தூள் எடுத்துப் பார்த்திருந்தாள். ஆனால் அதை இன்னும் எங்கும் வெளியிட்டிருக்கவில்லை. ஓய்வு பெறுவதற்குள் ஒரு நல்ல புத்தகமாக எழுதலாம் என்று ஆசையாகப் பொத்தி வைத்திருந்தாள். அவளையும் தங்கமுத்துவையும், பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்ட நாச்சாளையும் தவிர இன்னொருவருக்குத் தெரியாது.

"இல்லீங்க மேடம்," என்றாள். "அந்த நீலம் கல்லை அரைச்சு எடுத்தது. பச்சையும் அப்படித்தான். சாயந்தின்னியால கல்லைத் தின்ன முடியாது. கூரையில தண்ணி தேங்கி, சுண்ணாம்பு ஊறி வந்து நெறத்தை மூடியிருக்கு. பழைய கட்டடங்கள்ல நடக்கறதுதான்."

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. குழந்தைவேல் தலையைத் தூக்கி அவளை ஒரு முறை பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டார். அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். படித்தவள் சொல்லை மறுக்க அவரிடம் என்ன இருக்கிறது?

குழு கலைந்தது. அந்த வைரஸைப் பட்டறை ஆட்கள் யாராவது திருடிக்கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிடலாம் என்று அணைப்பக்கத்து ஊர்கள் மனு கொடுத்தன. அதுவும் நியாயந்தான் என்று தோன்றியதால் இருந்த வைரஸையெல்லாம் அழிக்க உத்தரவு வந்தது, அதை எப்படிச் செய்தார்கள் என்று எழுதி வைத்திருந்த குறிப்புகளோடு சேர்த்து. தங்கமுத்து தன் கையாலேயே உலையில் போட்டான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்னான்: "உன்ற ஆயுசு உழைப்பு தெய்வா. நாலு வார்த்தையில அழிச்சிட்டயே."

"ஆறு இருக்குதில்லீங்க."

"இருக்குது," என்றான். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காப்பாற்றப்பட்டவர்கள் காப்பாற்றியவர்களைப் பார்க்கக் கூசுவார்கள் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோனது.

சுண்ணாம்புதான் காரணம் என்று சொல்லிவிட்டதால் சாயந்தின்னியைத் தடுக்க எதுவும் செய்யவும் வழியில்லை. மருந்து அடித்தால் ஏன் அடித்தாய் என்ற கேள்வி வரும். அவள் சாரத்தில் படுத்துக்கொண்டு மிச்சமிருந்த நீலம் போவதைப் பார்த்தாள். கங்கை முழுக்கப் போனது. அடுத்து மீன்கள் போயின. ராமனுடைய முகத்தில் கண்ணின் கீழே ஒரு விரல்நுனி அளவுக்கு நீலம் பல நாள் தாக்குப்பிடித்தது, ஒரு காலையில் அதுவும் இல்லை. குகனுடைய கரியும், இலக்குவனுக்கும் சீதைக்கும் பூசியிருந்த மஞ்சள் மண்ணும் மட்டும் தங்கின. நடுவில் சுண்ணாம்பு வெள்ளையில் காவிக் கோட்டோடு ஓர் ஆள் நின்றான். அது ராமன் என்று தெரியாதவர்களுக்குத் தெரியாது. அதற்கு முன்னால் ஒரு சாவுக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை. பிறகு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனாள்.

நாச்சாளுக்குப் பெண் குழந்தை சுகமாகப் பிறந்த செய்தி போனில் வந்தது. பால் குடிக்கிறது, தவழ்கிறது, நடக்கிறது என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொரு முறையும் தெய்வானை போனை வைத்துவிட்டு, செய்தது சரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பொய்யைச் சுமக்க அவளுக்குக் கிடைத்த சும்மாடு அது ஒன்றுதான். காதுகுத்துக்கு வரச்சொல்லி நாச்சாள் கூப்பிட்டபோது அவளால் மறுக்க முடியவில்லை, போவதற்கு ஆசையாகவும் இருந்தது.

வேலம்பதியில் இறங்கியதும் ஊர் மாறியிருப்பது தெரிந்தது. பெண்கள் வெள்ளைச் சேலைக்குக் காவிக்கரை வைத்துக் கட்டப் பழகியிருந்தார்கள். செம்மண் பொட்டு. யாரும் அழவில்லை. நாச்சாளின் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, முன்பக்கம் மறைத்துத் தடுக்குக் கட்டியிருந்தார்கள். உள்ளே இருட்டாக இருந்தது.

"பாப்பாவுக்கு வெளிச்சம் ஆகறதில்லீங்க்கா," என்று சொல்லிக்கொண்டே நாச்சாள் குழந்தையைத் தூக்கி வந்து அவள் மடியில் விட்டாள். "என்ற தங்கத்தைப் பாருங்க."

மொட்டை போட்ட தலையில் புதுமுடி முளைத்திருந்தது. அது தேங்காய் நார் நிறத்தில் இருந்தது. புருவம் இருப்பதே தெரியவில்லை. உடம்பு உரித்த நுங்கு மாதிரி, உள்ளே ஓடும் நரம்பு வெளியே தெரியும்படி இருந்தது. குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவள் மார்பில் முகத்தைப் புதைத்தது.

"எங்க ரெண்டு குடும்பத்துலயும் இந்தச் செவப்பு ஆருமில்லீங்க. பொறந்தப்ப என்ற நெறந்தான், கறுகறுன்னு. என்ற மாமியா மொகத்தைச் சுளிச்சுப்போட்டுப் போச்சு. அப்பறம் தெனமும் ஆத்துல கொண்டுபோய்க் குளிப்பாட்டக் குளிப்பாட்ட, வெளுத்து வந்துட்டா. இப்ப அதே மாமியா கீழ உடறதில்ல. எல்லாம் அந்தத் தண்ணிங்க்கா. நெம்ப ராசியான தண்ணி." நாச்சாள் தன் கைகளை நீட்டிக் காட்டினாள். குழந்தையைக் குளிப்பாட்டும் கைகள் முழங்கை வரைக்கும் வெளிறியிருந்தன. அதற்கு மேலே அவளுடைய பழைய நிறம். "எனக்குங்கூட வருதுங்க," என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

தெய்வானை குழந்தையைக் கீழே விடாமலே பின்கட்டுக்குப் போய்த் தங்கமுத்துவைப் போனில் கூப்பிட்டாள். பார்த்ததைச் சொன்னாள்.

"கேக்குதுங்களா?"

"கேக்குது." அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "அணையில சாயச் சேறு எப்பவோ தீந்துபோச்சு தெய்வா. கணக்குப்படி அது பட்டினியில செத்திருக்கணும். சாகல, முன்னைவிடச் செழிப்பா இருக்குது. எதைத் தின்னு பொழைக்குதுன்னுதான் நான் இத்தனை நாளாத் தேடிக்கிட்டிருக்கேன்."

"வேற வழி ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"இருந்தது ஒண்ணுதான். உலையில போட்டுட்டனே." அவன் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

திரும்பி வந்து நாச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாச்சா, நல்லாக் கேளு. இது ராசியில்ல, இது நோவு. ராமரைத் தின்னது இதுதான், நான்தான் இல்லைன்னு பொய் சொன்னேன். இப்ப உம் பொண்ணைத் தின்னுக்கிட்டிருக்குது. மேல்தோலோட நிக்குமான்னு எனக்குத் தெரியாது. கண்ணு போயிரும். இனி ஒரு சொட்டு ஆத்துத் தண்ணி இவ மேல படக்கூடாது."

நாச்சாள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். வெடுக்கென்று அல்ல, மெதுவாகத்தான் வாங்கினாள். ஆனால் முகம் அடைத்துக்கொண்டது.

"செவப்பாப் பொறந்தவங்களுக்கு இது நோவுன்னுதான் தோணுமுங்க்கா," என்றாள். "கறுப்பின்னு கேட்டு வளந்திருந்தாத் தெரியும். நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. சாப்புட்டுட்டுப் போங்க."

தெய்வானை சாப்பிடவில்லை. ஆற்றங்கரைக்கு நடந்தாள், அங்கே யாராவது இருந்தால் சொல்லலாம் என்று. யாராவது என்ன, கூட்டமே இருந்தது. கரை நெடுக வேன்கள் நின்றன, ஈரோடு, கரூர், தருமபுரிப் பதிவெண்கள். இளநீர்க் கடை போட்டிருந்தார்கள். அடியில் கூழாங்கல் தெரியும் அந்தத் தண்ணீரில் இடுப்பளவுக்கு இறங்கி நின்று தாய்மார்கள் பெண்பிள்ளைகளை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையன்கள் அவ்வளவாக இல்லை. பிள்ளைகள் சிரித்து விளையாடின.

ஒரு வேனிலிருந்து இறங்கிய ஆள், தோளில் மூன்று வயதுப் பெண்ணோடு, நேராக அவளிடம் வந்தான். தூரத்திலிருந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. பெண் பளபளவென்று நல்ல கறுப்பு. பெரிய கண்களை விழித்துத் தெய்வானையைப் பார்த்தது.

"ஏம்மா, நீங்க இந்த ஊருங்களா? எத்தினி முழுக்குப் போடணும்னு சொல்றாங்க?"

"குளிக்க வெக்காதீங்கய்யா," என்றாள். "கொழந்தைக்குக் கண்ணு போயிரும். கையெடுத்துக் கும்புடறேன், திரும்பிக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க."

அவன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். அவளுடைய நிறத்தைப் பார்த்தான். அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது போலிருந்தது. கோபப்படவில்லை, பாவம், சிரித்துக்கொண்டான். பின்னால் வந்த மனைவியிடம், "இந்த ஊருக்காரங்க தங்களுக்கு மட்டும் வெச்சிக்கப் பாக்கறாங்க, நீ வா" என்று சொல்லிவிட்டு, மகளின் சட்டையைக் கழற்றிக்கொண்டே படியில் இறங்கினான்.